அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிற்பதில்லை: மலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைச் சொல்கின்றன. போனில் சாப்ட்வேர் அப்டேட் போட்ட நாளிலிருந்து சார்ஜ் நிற்பதில்லை என்கிறார்கள். சமவெளிக்காரருக்குச் சொல்லும் பதிலை மலையில் இருப்பவருக்கு அப்படியே சொன்னால் பாதிதான் பலிக்கும். டவர், குளிர், கரண்ட் கட் மூன்றையும் இங்கே கணக்கில் எடுத்தாக வேண்டும். அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆண்ட்ராய்டு போன், 5000 எம்ஏஎச் பேட்டரி, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் 100 இருந்தால் ராத்திரி படுக்கும்போது 30 மிச்சம் இருக்கும். போன வாரம் பெரிய அப்டேட் ஒன்று வந்தது, போட்டேன். இப்போது மதியம் மூன்று மணிக்கே 15-க்கு வந்துவிடுகிறது. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். பேட்டரி தேய்வது மாதக் கணக்கில் மெல்ல நடக்கிற காரியம். திங்கட்கிழமை நன்றாக இருந்தது செவ்வாய்க்கிழமை பாதியாகிவிட்டது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை அல்ல, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை.

பெரிய அப்டேட் முடிந்து போன் ஆன் ஆனதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு ஆப்பையும் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றபடி போன் மறுபடி தயார் செய்கிறது. கேலரியில் இருக்கும் படங்களையும் கோப்புகளையும் புதிதாக வரிசைப்படுத்துகிறது. பிளே ஸ்டோரில் ஆப்களுக்கான அப்டேட்டுகள் வரிசையில் நிற்கின்றன. எந்த ஆப்பை எந்த நேரத்தில் நீங்கள் திறப்பீர்கள் என்று பழகி வைத்திருந்த கணக்கும் சில போன்களில் அழிந்துபோய் முதலிலிருந்து தொடங்குகிறது. இதெல்லாம் முடிய பொதுவாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை போன் கொஞ்சம் சூடாவதும் சார்ஜ் இறங்குவதும் எதிர்பார்க்க வேண்டியவைதான்.

ஒரு வாரமாகியும் தீரவில்லையே என்றால், அதற்கு மலையில் ஒரு காரணம் உண்டு. கனமான வேலைகளை போன் பெரும்பாலும் தள்ளிப்போட்டே வைக்கும். சார்ஜரில் இருக்க வேண்டும், திரை அணைந்திருக்க வேண்டும், முடிந்தால் வைஃபை வேண்டும் என்று காத்திருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாத வீட்டில், வைஃபையும் இல்லாமல் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் போனில், அந்த வேலைகள் அரைகுறையாகத் தொடங்கி நின்று மறுபடி தொடங்குகின்றன. அதனால் இப்படிச் செய்யுங்கள். பிளே ஸ்டோரில் எல்லா ஆப்களையும் அப்டேட் செய்துவிட்டு, போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வைஃபை உள்ள இடத்தில், இல்லையென்றால் டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், சார்ஜரில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஒரு ராத்திரி முழுக்க விட முடிந்தால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகும் குறையவில்லையா? அப்போது அளந்து பாருங்கள். படுக்கும்போது எத்தனை சதவீதம், எழும்போது எத்தனை சதவீதம் என்று சார்ஜரில் போடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் 3 முதல் 5 வரை இறங்கினால் போன் ஒழுங்காகத் தூங்குகிறது. 10-ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. மறுநாள் ராத்திரி ஏரோப்ளேன் மோடில் போட்டு அதே கணக்கை எடுங்கள். அதில் 1 அல்லது 2 மட்டுமே இறங்கினால், சார்ஜைத் தின்பது டவர் தேடலோ இணையம் வழியாக ஓடும் வேலையோதான். ஏரோப்ளேன் மோடிலும் 8, 10 என்று இறங்கினால் போனுக்குள்ளேயே ஓடும் ஆப்பையோ பேட்டரியையோ பார்க்க வேண்டும். இந்த இரண்டு ராத்திரிக் கணக்கு இல்லாமல் செட்டிங்ஸில் கண்டதையெல்லாம் அணைத்துப் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

பிறகு செட்டிங்ஸில் பேட்டரி, அதில் பேட்டரி யூசேஜ் போய் வரைபடத்தைப் பாருங்கள். ராத்திரி 11 முதல் காலை 6 வரை கோடு ஏறக்குறைய படுத்திருக்க வேண்டும். பகலில் போனைப் பயன்படுத்தும்போது இருக்கும் அதே சரிவு ராத்திரியிலும் இருந்தால், கீழே உள்ள ஆப் பட்டியலில் 'பேக்ரவுண்ட்' நேரம் மணிக்கணக்கில் காட்டும் ஆப்தான் குற்றவாளி. திரையில் பத்து நிமிடம், பேக்ரவுண்டில் ஐந்து மணி நேரம் என்று ஒரு ஷாப்பிங் ஆப் காட்டினால் யோசிக்கவே வேண்டாம். அதைத் தொட்டு 'ரெஸ்ட்ரிக்டட்' போடுங்கள்.

அப்டேட் சத்தமில்லாமல் மாற்றிவிடும் அமைப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். திரையின் ரெஃப்ரெஷ் ரேட் 60-லிருந்து 120 ஹெர்ட்ஸுக்குப் போயிருக்கலாம். அணைந்த திரையில் மணி காட்டும் 'ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே' ஆன் ஆகியிருக்கலாம். லொகேஷன் பகுதியில் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டும் திரும்ப முளைத்திருக்கலாம். 5ஜி தானாகத் தேர்வாகியிருக்கலாம்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோடில் ஒருநாள் ஓட்டுங்கள். பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோடுக்குப் போகவா என்ற கேள்வி வரும். நீங்கள் நிறுவிய ஆப்கள் எதுவும் அதில் ஓடாது. அப்போது சார்ஜ் நின்றால் ஏதோ ஒரு ஆப்தான் காரணம். கடைசியாக நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். சாம்சங் போன் என்றால் இன்னொரு வழியும் உண்டு. போனை அணைத்து, கணினியோடு கேபிளில் இணைத்து, வால்யூம் அப் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் ரிக்கவரி மெனு வரும். அதில் தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' மட்டும் செய்யுங்கள். உங்கள் படங்களுக்கும் எண்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே மெனுவில் இருக்கும் 'வைப் டேட்டா' எல்லாவற்றையும் அழித்துவிடும். வால்யூம் பொத்தானால் நகர்த்தும்போது எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று இரண்டுமுறை பார்த்துவிட்டு பவரை அழுத்துங்கள். எல்லாப் போன்களிலும் இந்த கேஷ் வசதி கிடையாது. மெனுவில் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கேள்வி: கொடைக்கானல் டவுனுக்கு வந்தால் போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பினால் பாக்கெட்டிலேயே சூடாகி சார்ஜ் கரைகிறது. அப்டேட்டுக்கு முன்னால் இவ்வளவு மோசம் இல்லை. போனில் இரண்டு சிம் இருக்கிறது, ஒன்றுக்கு ஊரில் டவரே கிடையாது.
– பூண்டு விவசாயி, பூம்பாறை

பதில்: பாதி விடையை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். டவர் கிடைக்காத அந்த இரண்டாவது சிம் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கிறது. செட்டிங்ஸில் சிம் மேனேஜர் போய், ஊரில் இருக்கும்போது அதை ஆஃப் செய்யுங்கள். சிம்மைக் கழற்ற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வங்கி ஓடிபி அந்த எண்ணுக்கு வருகிறது என்றால், பணம் அனுப்பும்போது டவர் உள்ள இடத்தில் அதை ஆன் செய்துகொள்ள வேண்டும்.

மீதிப் பாதி முதல் சிம்மில் இருக்கிறது. எதிர் மேட்டில் நிற்பவரைக் கூப்பிட நாம் குரலை உயர்த்துவது போல, டவர் தூரமாக இருந்தால் போனும் அலையின் சக்தியைக் கூட்டித்தான் அனுப்புகிறது. 4ஜி போன் ஒன்று அதிகபட்சம் 23 டிபிஎம் (அலையின் சக்தியை அளக்கும் அலகு), அதாவது சுமார் 200 மில்லிவாட் வரை அனுப்பலாம். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அந்த 200 மில்லிவாட்டை வெளியே அனுப்ப உள்ளே பேட்டரி அதைப் போலப் பல மடங்கு தர வேண்டும். மிச்சம் சூடாகப் போகிறது. உங்கள் பாக்கெட்டில் தெரிவது அந்தச் சூடுதான்.

எவ்வளவு மோசம் என்பதைக் கோடுகளை எண்ணிப் பார்க்காதீர்கள். செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் அளவு டிபிஎம்மில் எண்ணாகத் தெரியும். மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 105 சுமார். மைனஸ் 115-ஐத் தாண்டினால் போன் திணறுகிறது என்று அர்த்தம். வீட்டின் ஒவ்வொரு அறையிலும் வாசலிலும் சில நிமிடம் நின்று பாருங்கள். கல் சுவர் வீட்டில் ஜன்னலோரத்துக்கும் உள்ளறைக்கும் 10, 15 டிபிஎம் வித்தியாசம் வருவது சாதாரணம். ராத்திரி போன் இருக்க வேண்டிய இடம் எண் நன்றாகக் காட்டும் அந்த ஜன்னலோரம்தான்.

அப்டேட்டுக்குப் பிறகு மோசமானதற்குக் காரணம் பெரும்பாலும் 5ஜி. மேட்டில் 5ஜி தொட்டும் தொடாமலும் கிடைத்தால் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும். மொபைல் நெட்வொர்க், ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப் போய் 4ஜியைத் தேர்ந்தெடுங்கள். சில பேர் *#*#4636#*#* அழுத்தி 'எல்டிஇ ஒன்லி', அதாவது 4ஜி மட்டும், போடச் சொல்வார்கள். உங்கள் ஊரில் அதைச் செய்ய வேண்டாம். 4ஜி விட்டுப்போகும் வளைவில் 2ஜி மட்டும் கிடைத்தால், அந்த அமைப்பில் போன் அதைப் பிடிக்காது, அவசரத்துக்குக் கால் போகாது. 2ஜியும் சேர்ந்துள்ள தேர்வையே வைத்திருங்கள்.

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் வைஃபை காலிங் ஆன் செய்யுங்கள். கால் வைஃபை வழியாகப் போய்விடும். வாட்ஸ்அப் பேக்கப்பையும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றுங்கள். மெலிந்த சிக்னலில் படங்கள் ஏறுவதும் அறுந்து மறுபடி தொடங்குவதுமாக ராத்திரி முழுக்க நடந்தால் எந்தப் பேட்டரியும் தாங்காது.

கேள்வி: எங்கள் பகுதியில் யானை நடமாட்டத் தகவல் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி சேவர் போட்டே வைத்திருக்கிறேன். தகவல் போனைத் திறந்த பிறகுதான் மொத்தமாக வந்து விழுகிறது. என்ன செய்வது?
– வாசகி, பந்தலூர்

பதில்: பேட்டரி சேவரை எப்போதும் போட்டு வைக்காதீர்கள் அம்மா. 15, 20 சதவீதத்துக்குக் கீழே மட்டும் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள். வாட்ஸ்அப்பின் ஆப் இன்ஃபோவில் பேட்டரி போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' தேர்ந்தெடுங்கள். சாம்சங் என்றால் 'நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் சேருங்கள். ஷாவ்மி, ரெட்மி என்றால் 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் செய்து, பேட்டரி சேவர் பகுதியில் 'நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' போடுங்கள். டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் அதிலும் வாட்ஸ்அப்புக்கு விலக்கு கொடுக்க வேண்டும். பெரிய அப்டேட் சில போன்களில் இந்த விலக்குகளை அழித்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதைத்தான் முதலில் பாருங்கள்.

சேமிக்க வேண்டிய சார்ஜை மற்ற ஆப்களிலிருந்து எடுங்கள். விளையாட்டு, ஷாப்பிங், வீடியோ ஆப்களை ரெஸ்ட்ரிக்டட் செய்யலாம். குழுவின் அறிவிப்பு 'மியூட்' ஆகாமல் இருக்கிறதா, ராத்திரி 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக ஆன் ஆகிறதா என்றும் பாருங்கள். இன்னொன்றையும் குழு நடத்துபவரிடம் சொல்லுங்கள்: டேட்டா இல்லாத நேரத்திலும் சாதாரண போன் கால் வந்து சேரும். யானை வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மெசேஜை மட்டும் நம்பாமல் ஒரு கால் போடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: காலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் 25 சதவீதம் இருக்கும்போதே போன் படக்கென்று அணைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் 22 காட்டுகிறது! இதுவும் அப்டேட் கோளாறா?
– கேரட் விவசாயி, தலைக்குந்தா

பதில்: இல்லை, இது உறைபனியின் வேலை. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் உள்தடை கூடுகிறது. சார்ஜ் உள்ளே இருக்கும், ஆனால் கேட்ட வேகத்தில் வெளியே வராது. டார்ச், கேமரா, கால் என்று ஒரே நேரத்தில் அதிகம் கேட்டால் வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. வெப்பம் திரும்பியதும் மிச்ச சார்ஜும் திரும்பத் தெரிகிறது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் உங்கள் பக்கம் 0 டிகிரியைத் தொடுகிறதே.

போனை ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். டார்ச்சுக்குத் தனி விளக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் சில்லிட்ட போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாக உள்ளே படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. அரைமணி நேரம் அறையில் கிடக்கட்டும். கரி அடுப்புப் பக்கமோ ரூம் ஹீட்டர் முன்போ வைத்துச் சூடாக்க வேண்டாம். பேட்டரி பழசாக ஆக இந்தக் குளிர் அணைப்பு கூடும். வெயிலேறிய மதியத்திலும் 20, 25-ல் அணைகிறது என்றால்தான் பேட்டரியை மாற்றும் நேரம்.

கேள்வி: பேட்டரி பட்டியலில் 'கூகுள் பிளே சர்வீசஸ்' முதலிடத்தில் நிற்கிறது. நீக்கவும் முடியவில்லை.
– வாசகி, குன்னூர்

பதில்: நீக்கக் கூடாது. அது மற்ற ஆப்களுக்காக இருப்பிடம், அறிவிப்பு, கணக்கு ஒத்திசைவு ஆகியவற்றைச் செய்து தரும் வேலையாள். அதன் பெயரில் வரும் செலவு வேறு ஆப்பினுடையதாக இருக்கும். லொகேஷன் பகுதியில் எந்தெந்த ஆப்புக்கு 'எப்போதும்' அனுமதி இருக்கிறது என்று பார்த்து, 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். அக்கவுண்ட்ஸ் பகுதியில் ஒத்திசைவு முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் கணக்கு இருந்தால் அதை நீக்கி மறுபடி சேருங்கள். பிறகு பிளே சர்வீசஸின் ஸ்டோரேஜில் 'கிளியர் கேஷ்' மட்டும் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'கிளியர் ஆல் டேட்டா' வேண்டாம்.

கேள்வி: வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறும்போது மேப் ஓடுகிறது, கார் சார்ஜரும் போட்டிருக்கிறேன். அப்படியும் சார்ஜ் இறங்குகிறது. அப்டேட்டுக்குப் பிறகுதான் இப்படி.
– டாக்ஸி ஓட்டுநர், கொடைக்கானல்

பதில்: சார்ஜரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் அது தருவது 5 வாட்தான். முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், வளைவுக்கு வளைவு டவர் மாறும் டேட்டா எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அதையே தின்றுவிடும். 18 வாட் அல்லது அதற்கு மேல் தரும், உங்கள் போனின் வேகச் சார்ஜ் முறைக்கு ஒத்த சார்ஜரும் நல்ல கேபிளும் வாங்குங்கள். கண்ணாடியை ஒட்டி வெயிலில் மாட்டினால் போன் சூடாகி, தானே சார்ஜைக் குறைத்துவிடும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்.

அதைவிடப் பெரிய சேமிப்பு, ஆஃப்லைன் மேப். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்' போய், வத்தலகுண்டு முதல் கொடைக்கானல், மன்னவனூர் வரை கட்டத்துக்குள் கொண்டுவந்து வைஃபையில் இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. நேரடி டிராஃபிக் மட்டும் தெரியாது. கூட வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இ-பாஸை ஸ்கிரீன்ஷாட்டாகவும் சேமித்து வைத்தால் சோதனைச் சாவடியில் டவருக்காகக் காத்து நிற்க வேண்டாம்.

கேள்வி: பழைய சாப்ட்வேருக்கே மாற்றித் தருகிறேன், பணம் கொடுங்கள் என்கிறார் ஒரு கடைக்காரர். செய்யலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். பல போன்களில் பழைய பதிப்புக்குத் திரும்புவதை நிறுவனமே பூட்டி வைத்திருக்கிறது. வலுக்கட்டாயமாகச் செய்தால் போன் எழாமலே போகலாம், வாரண்டி போகும், வங்கி ஆப்கள் ஓட மறுக்கும். பெரிய அப்டேட்டைத் தொடர்ந்து பிழை திருத்தும் சிறிய அப்டேட்டுகள் வருவது வழக்கம். அதைப் போடுங்கள்.

கேள்வி: புதுப் போன் வாங்க வைக்கத்தான் நிறுவனங்கள் அப்டேட்டில் பேட்டரியைக் குறைக்கின்றன என்கிறார்கள். உண்மையா? என் ஐபோன் 13-ல் பேட்டரி ஹெல்த் 78 காட்டுகிறது.
– கல்லூரி மாணவி, ஊட்டி

பதில்: அப்டேட் வழியாகக் கட்டுப்பாடு வந்தது உண்டு. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னது. பயனாளரிடம் முன்கூட்டிச் சொல்லாதது பெரிய தவறு. அதற்குக் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு, 2018-ல் ஐஓஎஸ் 11.3-ல் வந்ததுதான் நீங்கள் பார்க்கும் பேட்டரி ஹெல்த் பக்கம். 2025 ஜனவரியில் பிக்ஸல் 4ஏ போன்களுக்கு கூகுள் அனுப்பிய அப்டேட்டும் சிலவற்றில் பேட்டரியின் கொள்ளளவைக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில் பிக்ஸல் 6ஏ போன்களுக்கு வந்த அப்டேட், 400 சார்ஜ் சுற்றுக்குப் பிறகு (பேட்டரியின் முழு அளவு ஒருமுறை செலவாவது ஒரு சுற்று) சிலவற்றில் கொள்ளளவைக் குறைக்கிறது. சூடேறும் அபாயத்தைத் தவிர்க்க என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். எல்லா அப்டேட்டும் அப்படி என்று முடிவு கட்ட இவை ஆதாரமாகாது.

உங்கள் போனில் கதை வேறு. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. 78 என்றால் பேட்டரி தன் காலத்தை ஓட்டி முடித்துவிட்டது. அப்டேட்டின் கூடுதல் வேலை அந்தத் தேய்மானத்தை வெளியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்காகக் கோவை வரை இறங்க வேண்டியிருந்தால், முதலில் போன் செய்து உங்கள் மாடலின் பேட்டரி கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, நேரம் பதிந்துகொண்டு போங்கள். கிளம்பும் முன் பேக்கப் எடுங்கள். 'ஃபைண்ட் மை' அமைப்பை அணைக்கச் சொன்னால் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு தேவைப்படும், நினைவில் வைத்திருங்கள். வெளிக்கடையில் மாற்றினால் அபௌட் பகுதியில் 'அன்நோன் பார்ட்' என்று வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். அதுவரை லோ பவர் மோட் போட்டு, செல்லுலார் பகுதியின் வாய்ஸ் அண்ட் டேட்டாவில் 'எல்டிஇ' தேர்ந்தெடுத்து, தேவையற்ற ஆப்களுக்கு பேக்ரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷை அணைத்து ஓட்டலாம். இடையில் திரையின் ஓரம் மேலே தூக்கிக்கொண்டு இடைவெளி தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று பொருள். அப்போது காத்திருக்க வேண்டாம். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிட்டு அன்றைக்கே கொண்டு போய்க் கொடுங்கள்.